கண்ணைத் தரிசு போட்டவள்

பருத்திதான் முதலில் சொன்னது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

குன்னத்துக்குக் கிழக்கே அக்காவுக்கு மானாவாரிக் காடு. ஏருக்குப் பின்னால் சாலில் விதை போட்டுக்கொண்டு நடப்பதில் அவளுக்கு ஊரில் பேர் உண்டு. கயிறு பிடித்த மாதிரி வரிசை வரும். அந்த வருஷம் முளைத்து வந்தபோது வரிசை வளைந்து நெளிந்து, நடுநடுவே சொட்டை விழுந்து கிடந்தது. விதை பொய் என்று மாமா பெரம்பலூர் கடையில் போய்ச் சண்டைக்கு நின்றார். கடைக்காரர் பாவம், அதே விதை போட்ட நாலு காடுகளுக்கு மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். எல்லாம் மதமதவென்று நின்றது. பிறகு ஒருநாள் பட்டப்பகலில், வாசலில் நின்ற வண்டியின் நுகத்தடியில் அக்கா நெற்றியை இடித்துக்கொண்டாள். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

பெரம்பலூரில் காட்டி, திருச்சியில் காட்டி, ஆடி மாதம் நானும் அவளும் மெட்ராஸ் வந்து சேர்ந்தோம். தொண்ணூறுகளின் கடைசி அது. கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண் முக்கால்வாசி போயிருந்தது. வலது கண்ணில் ஓரங்கள் கரைந்துகொண்டிருந்தன. அக்காவைச் சொட்டு மருந்துக்கு உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“போன பார்வை போனதுதாங்க. இருக்கறது நிக்கறதுக்குத்தான் ஆபரேஷன். அது எத்தன நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. வியாழக்கிழமை அட்மிட் பண்ணிடுங்க.”

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், “என்னடா சொன்னாரு?”

“சரியாயிடுமாம்க்கா.”

அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் முகம் அப்படி மலர்ந்துவிட்ட பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் கை வரவில்லை.

வியாழனுக்கு முன்னால் இரண்டு நாள் இருந்தது. லாட்ஜில் இருந்தவர்தான், “சும்மா ரூம்ல ஏன் சார் படுத்துக் கெடக்கறீங்க, ஊரச் சுத்திக் காட்டுற பஸ்ல போயிட்டு வாங்களேன்” என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. இருக்கிற பார்வையில் கொஞ்சம் கடலும் கோட்டையும் விழட்டும். உண்மையைச் சொல்லாததற்கு அதை ஈடாக வைத்துக்கொண்டேன் போல.

பஸ் கிளம்பியதும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“தூக்கம் வருதாக்கா?”

“இல்லடா. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள்தான கெடக்கு, அதுக்குள்ள ஏன் கண்ண அலட்டிக்கணும்? ஒரு வருசம் சும்மா போட்டா மண்ணே தேறிடுது. நீ பாத்து எனக்குச் சொல்லு. நான் அப்பறமா வந்து பாத்துக்குறேன்.”

கழுத்தில் விசில் தொங்கிய கைடு மைக்கைத் தட்டினார். “எல்லாரும் இடது கைப்பக்கம் பாருங்க. வெள்ளக்காரன் மொதமொதல்ல கட்டின கோட்டை.” பஸ்ஸே இடதுபக்கம் தலையைத் திருப்பியது. அக்கா நேராக உட்கார்ந்திருந்தாள்.

“காசு குடுத்து தூங்க வந்திருக்காங்க பாரு,” என்றது பின் சீட்டில் ஒரு பெண் குரல்.

“தூங்கலம்மா,” என்றாள் அக்கா, திரும்பாமலே. “கண்ணத் தரிசு போட்டிருக்கேன்.”

பஸ் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னேன். கோட்டைச் சுவரின் தடிமன், பீரங்கி வாயில் கூடு வைத்திருந்த குருவி, படிகளில் தேய்ந்திருந்த குழி, எல்லாவற்றையும். அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே சொன்னேன். எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் கிடையாது, சின்ன வயசிலிருந்தே. ஒன்றை இன்னொன்றாக ஆக்கிச் சொல்லச் சொல்ல அவள் “அப்படியா, அப்படியா” என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

மியூசியத்தில் கைடு ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, பல கோடி வருஷத்துக்கு முந்தி கடலில் கிடந்த நத்தை, கல்லாகிப்போனது, அரியலூர்ப் பக்கம் கிடைத்தது என்றார்.

“நம்ம ஊர்க் கல்லா?” அக்கா என் காதுக்குள் கேட்டாள். “அதுக்கா பொட்டி? கொல்லையில கலப்பைக்குக் கலப்பை மாட்டுதே!”

அதற்கும் அவள் கண் திறக்கவில்லை.

கடற்கரைதான் கடைசி. அரை மணி நேரம் என்றார் கைடு. மணலைத் தாண்டிப் போய் நின்றோம். அலை வந்து அவள் கணுக்காலைச் சுற்றியது. புடவையைத் தூக்கிப் பிடித்தபடி, கண் மூடியபடி நின்றாள்.

“எம்மாம் பெருசுடா?”

“நம்ம காட்டு மேட்டுல நின்னு பாத்தா கரிசலா போய்க்கிட்டே இருக்குமே. அது அவ்வளவும் எந்திரிச்சு நடந்தா…”

“போதும் போதும். மீதிய நானே வந்து பாத்துக்குறேன். புரட்டாசி வெதப்ப முடிச்சிட்டு வருவோம்.”

அதற்குமேல் எனக்குக் கதை சொல்ல வரவில்லை. “அக்கா, திரும்ப வராதாம்.”

“எது?”

“போன பார்வ. இருக்கறதக் காப்பாத்தத்தான் ஆபரேஷனாம்.”

தூக்கிப் பிடித்திருந்த புடவையை விட்டுவிட்டாள்.

“எப்பச் சொன்னாரு?”

“நேத்து.”

“தெரிஞ்சிக்கிட்டேதான் பொழுதன்னிக்கும் எனக்குக் கத சொன்னியா?”

அப்போது கண்ணைத் திறந்தாள். பொழுது ஊர்ப்பக்கம் இறங்கிவிட்டிருந்தது. எனக்கே கடலும் வானமும் ஒன்றாகத் தெரிகிற மசங்கல். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினாள். கையை நெற்றிமேல் வைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணும் தெரியலடா. கருப்பா கெடக்கு.”

விசில் அடித்தது. அவள் நகரவில்லை. மறுபடி அடித்தது. பஸ்ஸிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். நான் தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள். அப்புறம் தானாகவே திரும்பி மணலில் தடுமாறி நடந்தாள். ரூமில் படுக்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“நாளைக்கும் அந்த பஸ் போவும்ல? மொதல்லேருந்து பாக்கணும். நீ வாயத் தொறக்கக் கூடாது.”

மறுநாள் அதே பஸ், அதே கைடு. எங்களைப் பார்த்ததும் படியிலேயே மறித்தார். “நேத்தே பாத்துட்டீங்களேம்மா, இன்னிக்கும் அதேதான். ஒண்ணும் புதுசா கெடையாது.”

“நேத்து பாக்கலீங்க சார்,” என்றாள் அக்கா.

மிச்சமிருந்த வலது கண்ணுக்கு வாட்டமாக வலதுபக்க ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். பஸ் கிளம்பியது. மைக் இடது கைப்பக்கம் என்றபோது, உடம்பையே முழுசாகத் திருப்பி, என்னைத் தாண்டிப் பார்த்தாள். நான் அவளுக்கு மறைக்காமல் குனிந்துகொண்டேன்.