கையைக் கட்டிட்டு வா

கஞ்சியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த ஒரு வாடை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அடிக்கும். ராஜபாளையத்தில் அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கொட்டகை இருந்ததால், வீட்டின் பின்னறை முழுக்க வெளுத்த துணிச் சுருள்கள்தான். உலகத்தில் எவன் அடிபட்டு விழுந்தாலும் நம் துணியைத்தான் சுற்றிக்கொள்வான் என்று அப்பா பெருமை பேசுவார். அதே துணியால் அவருக்கு ஒருநாள் தலைகுனிவு வரும் என்று யார் கண்டது?

அந்தக் கோடை விடுமுறைக்குத்தான் ஜோயல் வந்தான், என் சித்தி மகன். சித்தி நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனவள். சித்தப்பா விட்டுப் போன பிறகு தனியாகவே அவனை வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்தவர்களை அடிப்பதும் அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுமாக அவன் வளர்ந்ததால், அடிக்கிறதை முறையாக அடிக்கட்டும் என்று பக்கத்தில் இருந்த குத்துச்சண்டைக் கிளப்பில் சேர்த்துவிட்டாள். அதைக் கேட்டதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு லீவுக்கு இங்கே அனுப்பு, பயலை நான் ஒழுங்காக்குகிறேன் என்று போனில் சொல்லிவிட்டார். வந்து இறங்கியவனிடம் முதல் காரியமாகப் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்திரத்துக்கு என்றுதான் சொன்னார்.

எங்கள் வீட்டு முன்பக்கம் முழுக்க இரும்புக் கிரில். நான் "பெரிய மனுஷி" ஆனதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் சர்ச்சுக்கும் தவிர அது எனக்குத் திறந்ததில்லை. அவனுக்கும் வெயில், தெருநாய், தெரியாத ஊர் என்று தினம் ஒரு காரணம் சொல்லி அதே பூட்டைப் போட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிற மினி பஸ்ஸையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

"அக்கா, நீ எப்ப வெளிய போவ?" என்று ஒருநாள் கேட்டான்.

கல்யாணம் ஆனால் போவேன் என்றேன். எங்கே என்றான். எங்கேயாவது, ஸ்ரீவில்லிபுத்தூராக இருக்கும் என்றேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர் அது. விளையாட்டுக்குச் சொன்னேன், என் வாய் முகூர்த்தம் அப்படியே பலித்தது.

சர்ச்சுக்குப் போய்த் திரும்புகிற வழியில் நூல் கடை அண்ணாச்சியின் மகன் ஜோயலின் தமிழைப் போலப் பேசிக் காட்டினான். ஜோயல் விட்ட ஒரே குத்தில் அவன் மூக்கு உடைந்தது. மறுநாள் அண்ணாச்சி மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்கு நூல் தருகிறவர் அவர்தான். அப்பா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏலே ஜோயலு, கையைக் கட்டிட்டு வந்து அண்ணாச்சி மகன் முன்னால நில்லு."

வெகுநேரமாக ஆளைக் காணோம். கடைசியில் வந்தான். மணிக்கட்டிலிருந்து விரல் முட்டிவரை, விரலுக்கு விரல் இடையில் விட்டு வாங்கி, எங்கள் தறித் துணியை இரண்டு கையிலும் அவ்வளவு சுத்தமாகச் சுற்றியிருந்தான். அக்குளில் இன்னொரு சுருள். அதை எடுத்து அண்ணாச்சி மகனிடம் நீட்டி, "உனக்கு" என்றான்.

பாவம், அவன் தப்பாக எதுவும் செய்யவில்லை. கிளப்பில் கிளவுஸ் மாட்டும் முன் சித்திதான் அவன் கைக்குத் துணி சுற்றிவிடுவாள், "கையைக் கட்டிக்கிட்டுப் போ" என்றுதான் சொல்லுவாள். பெரியவர்கள் முன்னால் மார்பில் கை கட்டி நிற்கச் சொல்ல அந்த ஊரில் அவனுக்கு யாரும் இருந்ததில்லை. நியாயமாக ஒரு சண்டை போட வைத்து, முடிந்ததும் கைகுலுக்கச் சொல்லிப் பகையைத் தீர்க்கப் போகிறார்கள் என்று நம்பி வந்திருக்கிறான்.

"கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துதியளா?" என்று அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த சிரிப்பு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் அடிக்கவில்லை. "மரியாதை படிச்ச பொறவுதான் பாஸ்போர்ட்டு" என்று மட்டும் சொன்னார்.

லீவு முடிந்தும் ஜோயல் போகவில்லை. இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சித்தி போனில் அழுதாள், ஆனால் அக்கா வீட்டுக்காரரை எதிர்த்து அவளுக்குப் பேச்சு வராது. தினமும் அப்பா சாப்பிட்டு எழும்வரை மேசைக்குப் பக்கத்தில் அவன் கை கட்டி நிற்க வேண்டும். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை, சப்பட்டை மாம்பழத்தில் நல்ல துண்டாகப் பார்த்து அவனுக்கென்று ஒதுக்கி வைப்பார். அவனோ பழத்தைப் பார்க்க மாட்டான், பீரோவையே பார்ப்பான். அக்குளுக்குள் அவன் விரல்கள் முட்டியாக இறுகியிருப்பது நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியும். எனக்கு அவன்மேல் பொறாமையாகவும் இருந்தது. அவனுக்காவது பூட்டி வைக்க ஒரு பாஸ்போர்ட் இருந்தது.

அடுத்த கோடையில் அப்பாவுக்குத் திருப்தி வந்து பீரோ திறந்தது.

இப்போது அவன் இங்கிலாந்தில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன். சாம்பியன் பெல்ட்டைத் தூக்கிக் காட்டுகிற பெரிய ஆள் இல்லை. பகலில் ஒரு குடோனில் வேலை பார்த்து, சனிக்கிழமைகளில் சின்ன ஊர் மண்டபங்களில், தெரிந்தவர்களிடம் டிக்கெட்டைத் தானே விற்றுச் சண்டை போடுகிறவன். பாதி ஜெயிப்பான், பாதி தோற்பான். புருவத்தில் தையல் ஆறுவதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும். சித்தி அனுப்பும் வீடியோவை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில், என்னோடு வந்துவிட்ட அப்பாவுக்கு மறுநாள் மதியம் போட்டுக் காட்டுவேன். தறிகளை விற்றாயிற்று, கிரில் பழைய இரும்புக்குப் போயிற்று, அந்தப் பிளீச்சிங் வாடையும் எங்கள் துணிமணியை விட்டுப் போய்விட்டது. பீரோ மட்டும் என்னிடம் இருக்கிறது, புடவைகளோடு.

மணி அடிப்பதற்கு முன் ஜோயல் தன் மூலையில் கிளவுஸ் போட்ட கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிற்பான். வர்ணனை செய்கிற வெள்ளைக்காரர் அதைத் திமிர் என்கிறார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். "எம்புட்டு வளந்தாலும் நான் படிச்சுக் குடுத்த மரியாதை போகல பாத்தியா."

ஒருமுறை போனில் அவனிடமே கேட்டேன். "அப்டி நின்னா பெரியப்பா சாப்பிடுறது ஞாபகம் வரும்க்கா. முன்னால நிக்கிறவன அடிச்சாத்தான் வெளிய விடுவாங்கன்னு தோணும்" என்றான்.

அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. வீடியோ முடிந்ததும் அவர் சாப்பிட உட்காருவார். சோறு போட்டுவிட்டு, அவர் எழும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன்.