ஆறு பேரின் சஹனும் ஐம்பத்திரண்டு கிலோவும்

றிஸ்னாவின் வாய்க்குள் ஒரு பருக்கைகூடப் போகவில்லை என்பதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் என் பல்கலைக்கழக அறைத்தோழி. 52 கிலோ பிரிவில் ஜூடோ ஆடுகிறவள்; காத்மண்டுவிலும் தாஷ்கந்திலும் இலங்கைக்காக மோதியவள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொழும்பில் தேசிய அணித் தெரிவுக்கான எடை. நூறு கிராம் கூடினாலும் வெளியே. அதற்கு முந்திய நாள்தான் மருதமுனையில் அவளுடைய ராத்தாவின், அதாவது அக்காவின், கல்யாணம். இரண்டையும் பார்க்கக் கிளம்பினேன்.

கண்டியில் காலை 5.30 பஸ், மகியங்கனை வழியாகக் கல்முனைக்கு ஏழு மணி நேரம், 980 ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. அங்கிருந்து மருதமுனைக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 400 ரூபாய்.

றிஸ்னாவின் வீட்டுக்கு என்றதும், “கராத்தேக்காரப் புள்ளட ஊடா?” என்றார் ஆட்டோக்காரர். ஜூடோ என்று திருத்தினேன். “என்னவோ, ஆளத் தூக்கிப் போடுறதானே” என்றார். ஊரில் ஜூடோ பழகும் மெத்தை கிடையாது. பள்ளி நாட்களில் அவள் விழப் பழகியது கடற்கரை மணலில் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அன்றும் அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வியர்த்து எடை குறைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அதே மணலில் ஓடியிருக்கிறாள். தராசு 52.4 காட்டியதாம். ஆனால் மாப்பிள்ளையின் உம்மாவோடு சஹனில் அமரவேண்டியது பெண்ணின் தங்கச்சி. மறுத்தால் சம்பந்தி வீட்டுக்கு அவமதிப்பு என்று அவளுடைய உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சஹன் என்றால் ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும்; சுற்றி ஆறு பேர். அவரவர் தம் பக்கத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். எல்லாரும் முடிக்கும்வரை எழக்கூடாது. யார் சாப்பிடவில்லை என்பதைத் தட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

றிஸ்னா பிசைந்தாள், கையை வாய்வரை கொண்டுபோனாள், வாயில் வைக்காமலே தட்டுக்குத் திருப்பினாள். ஐந்து பக்கம் குழிந்தது, அவள் பக்கம் மேடாகவே நின்றது. அருகிலிருந்த நான் முடிந்தவரை அதிலிருந்து எடுத்து விழுங்கினேன். எதிரே இருந்த மாமி, மாப்பிள்ளையின் உம்மா, கவனித்துவிட்டார்.

“ஒங்கட கூட்டாளி சாப்பிடுறாவா?” என்று என்னைத்தான் கேட்டார். நான் குனிந்து மென்றுகொண்டிருந்தேன்.

“கை போகுது, வருது. சோறு மட்டும் இரிந்த இடத்திலயே இரிக்கி.”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். றிஸ்னா நிமிரவில்லை. மாமி இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து அரைவட்டம் திருப்பினார். அந்த மேடு அவருக்கு முன்னால் வந்து நின்றது.

“இது என்ட பங்கு. நீ போய் ஆளத் தூக்கிப் போட்டுட்டு வா, மகள்.”

பிறகு அவசரமில்லாமல் சாப்பிட்டார். ஒருவரும் எழாமல் கால் மணி நேரம் காத்திருந்தோம்.

ஜூடோ எதிராளியின் பலத்தோடு மோதுவது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நாள் பசியோடு நெய்ச்சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைத் திருப்புவதும் அதில் ஒரு பகுதி என்று தெரியாது.

போகிறவர்களுக்கு: வெள்ளி நண்பகலில் கடைகள் மூடியிருக்கும். தலையை மூட ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். சஹன் இருக்கும் நாளில் காலையில் அளவாகச் சாப்பிடுங்கள். கொழும்புக்கு மாலை நான்கு மணி பஸ், 1,900 ரூபாய். அதில்தான் நாங்கள் ஏறினோம்.

காலையில் தராசு 51.9 காட்டியது. மூன்று மோதல்கள். கடைசி மோதல் முடிய பதினொரு விநாடி இருக்கையில் றிஸ்னா எதிராளியைத் தூக்கிப் போட்டாள். இப்போது அணியில் இருக்கிறாள்.