அடுத்த கம்பத்தில் தட்டியது யார்?

என் தம்பியை மின்சார ஆபீஸில் எல்லோரும் "ஏணி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். காட்டு வழியாகப் போகும் மின்கம்பி மொத்தமும் அவன் பொறுப்பு. கிளை உரசினால் வெட்டுவான், கம்பம் சாய்ந்தால் நிமிர்த்துவான். கூரைக்குக் கீழே அரை நாள் உட்கார வைத்தால் போதும், ஜுரம் வந்தவன் மாதிரி ஆகிவிடுவான்.

அவனுக்கு ஜோடி என் வீட்டுக்காரர். தங்கமான மனிதர், வேலையில் மட்டும் கொஞ்சம் டிமிக்கி. காட்டுக்குள் போன் எடுக்காது. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. இவர் ஒரு கம்பத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறு யாரும் அதைப் போட்டுவிடாமல் அங்கேயே காவல் நிற்க வேண்டும். தம்பி அடுத்த கம்பத்தை ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டுவான். இவர் திருப்பித் தட்டினால்தான் ஏறுவான்.

அன்று காலை தட்டினான். உடனே பதில் வந்தது. ஏறிவிட்டான். மேலேயிருந்து பார்த்தால், சுவிட்ச் கம்பத்தடியில் நிற்பது இவர் இல்லை! குரங்கு மாதிரி ஏதோ ஒன்று, மனிதனைப் போல இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிறது. தம்பியைவிட ஒரு முழம் உயரம், உடம்பெல்லாம் செம்பட்டை மயிர், கையில் ஒரு கல். அவனை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்ததாம். மறுபடி இரண்டு தட்டு தட்டிவிட்டு, ஆற அமர மரங்களுக்குள் நடந்து போய்விட்டதாம்.

ஆபீஸே வயிறு குலுங்கச் சிரித்தது. "என்ன ஏணி, உன் சொந்தக்காரனா?" என்றார் டிரைவர். என் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "நான்தான் தட்டினேன். அங்கயேதான் நின்னேன். ஒண்ணையும் பார்க்கலையே" என்று சொல்லிவிட்டார். அதோடு என் தம்பி பொய்யனாகிவிட்டான். பொய் சொல்ல அவனுக்கு எங்கே தெரியும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஆபீசர் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். யாரும் அழைக்காமலே நானும் போய் நின்றேன்.

"இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியற ஆளை எப்படி கம்பத்துல ஏத்தறது? கரடின்னு சொல்லிடு, விட்டுடறேன். இல்லேன்னா ஸ்டோர் ரூம்தான்" என்றார் ஆபீசர்.

ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

"கரடி கல்லெடுத்துத் தட்டுமா சார்?" என்றேன்.

"தட்டினது உங்க வீட்டுக்காரர்தான்னு அவரே சொல்றாரேம்மா!" என்றவர் தம்பியிடம் திரும்பினார். "கடைசியா கேக்கறேன். கரடிதானே?"

தம்பி சொன்னான், "இல்ல சார்."

ஆபீசர் ஸ்டோர் சாவியை மேஜைமேல் தள்ளினார். தம்பி கையை நீட்டினான்.

"சார், நான் அங்க இல்ல." பேசியது என் வீட்டுக்காரர். "சுவிட்சை அணைச்சுட்டு ஓடைக்கு மீன் பிடிக்கப் போயிட்டேன். தட்டினது நான் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று வீட்டுக்குக் கொண்டுவந்த மீனைக் கடையில் வாங்கியதாகச் சொல்லியல்லவா கொடுத்தார், படுபாவி!

"அப்போ தட்டினது யாருய்யா?" என்றார் ஆபீசர். சாவியை மெல்ல இவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப நீ போ ஸ்டோருக்கு."

"போறேன் சார். அவனைக் காட்டுக்கே அனுப்பிடுங்க."

"வேண்டாம் சார். மாமாவை எனக்கே குடுங்க" என்றான் தம்பி.

"உன்னைச் சாகடிக்கப் பார்த்த ஆளுய்யா!"

"தப்பு என்மேலயும் இருக்கு சார். மாமா என்னிக்கும் ஆடி அசைஞ்சுதான் பதில் தட்டுவாரு. அன்னிக்கு டக்குனு வந்துச்சு. அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்."

ஆபீசர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியே நழுவியது. சாவியை எடுத்து டிராயரில் போட்டார். "ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி நிக்காம போங்க!"

படியிறங்கும்போது இவர் கேட்டார், "மாப்ள, நிஜமாவே அவ்வளவு உயரமா?"

"உயரம் மட்டுமா? உங்களைவிட அழகு மாமா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதும் விட்டேன். காவலில்லாத அந்தச் சுவிட்சை எவனாவது போட்டிருந்தால்? அப்போதுதான் உறைத்தது. என் தம்பி மேலே ஏறியபோது, அதன் பக்கத்தில் நின்றிருந்தது அது ஒன்றுதான். அது எதுவாக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.