ஏறிப் போகும் உறக்கம்

வேலைத்தலத்தில் அவரை எல்லோரும் 'மேலே இருக்கிறவர்' என்றுதான் சொன்னார்கள். கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் தூக்கி இறக்குவது அவர் வேலை. கீழே யாராவது அவசரப்பட்டால், "மேலே இருக்கிறவர் பார்த்துக்குவார், நீ தள்ளி நில்லு" என்பார்கள். கடவுளைச் சொல்கிறார்களா, கிரேன்காரரைச் சொல்கிறார்களா என்று புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வாரம் வரை பிடிபடாது.

கேபினுக்குப் போகப் பன்னிரண்டு ஏணிகள். ஒவ்வோர் ஏணியின் முடிவிலும் நின்று மூச்சு வாங்க ஓர் இரும்புத் தட்டு. காலை ஆறரைக்கு ஏறத் தொடங்குவார். மூடுபனி நாட்களில் ஆறாவது தட்டுக்கு மேலே ஊர் இருக்காது. வெள்ளையாக ஏதோ ஒன்றின் நடுவே இரும்பு மட்டும் நிற்கும். கேபினுக்குப் போய் உட்கார்ந்து முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பார். கேபினில் புகைக்கக் கூடாது என்று கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. கேட்டால், "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்க வேண்டாமா?" என்பார். காற்றைக் காட்டும் கருவி அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

சாயங்காலம் இறங்கி வந்தால் கடைசி ஏணியின் அடியில் விசில் நிற்பார். கீழிருந்து கையசைத்தும் வாக்கிடாக்கியில் சொல்லியும் சுமையை வழிநடத்துபவர் அவர். எந்நேரமும் வாயில் விசில் தொங்கியதால் அந்தப் பெயர். தன் சிகரெட்டிலேயே இன்னொன்றைப் பற்ற வைத்து இவரிடம் நீட்டுவார். ஒன்பது வருஷமாக இதில் ஒரு நாளும் மாற்றமில்லை. பத்து நிமிஷம் இருவரும் சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நாற்பத்தெட்டாவது வயதில் அவருக்கு மூச்சு கணக்குக் காட்டத் தொடங்கியது. முன்பெல்லாம் கால்மணியில் ஏறியவர், இப்போது ஏழாவது தட்டிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று வாக்கிடாக்கியில் விசில் கேட்பார்.

"ஏழுல."

"பத்து நிமிஷம் முன்னாடியும் ஏழுன்னுதானே சொன்னீங்க?"

"ஏழு நல்லா இருக்குப்பா. காத்து வருது."

வருஷத்துக்கு ஒரு முறை உடற்பரிசோதனை உண்டு. போன முறை டாக்டர் மூச்சை அளக்கும் குழாயை ஊதச் சொல்லிவிட்டு, எழுதியதை இரண்டு தடவை பார்த்தார். "அடுத்த வருஷமும் இதே மூச்சோட வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் நீங்க கீழதான்" என்றார். இருபது வருஷமாக மேகத்தோடு மேகமாக இருந்துவிட்டு, தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிற ஆளாக அவரால் தன்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சிகரெட்டை விட்டுப் பார்க்காமல் இல்லை. புதினா மிட்டாய், சூயிங்கம், மனைவி தலையில் அடித்துச் சத்தியம் என்று எல்லாம் ஆயிற்று. "என் தலையாவது மிஞ்சட்டும்" என்று மனைவி சத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடும் பிரிவில் இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அட்டையில்லாத மெல்லிய புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கணவரின் மடியில் வைத்தார்.

"தைக்க வந்தது. அறிதுயில்னு போட்டிருக்கு. தன்னைத்தானே மயக்கி, கெட்ட பழக்கத்தை விடறதாம். சிகரெட்டுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு."

"என்னை நானே மயக்கிக்கணுமா?"

"ஏன், இத்தனை வருஷமா நான் மயக்கினதே போதும்னு தோணுதா?"

அவர் சிரித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். சொல்லியிருந்த முறை எளிதுதான். நிமிர்ந்து உட்கார், கண்ணை மூடு, உடம்பை ஒவ்வொரு பாகமாகத் தளர்த்து. பிறகு ஒரு படிக்கட்டைக் கற்பனை செய்து, பத்திலிருந்து ஒன்று வரை எண்ணியபடி இறங்கு. அடிப்படியை அடைந்ததும், அமைதியான அந்த இடத்தில், உனக்கு வேண்டியதை உனக்கே சொல்லிக்கொள். 'வேண்டாம்', 'மாட்டேன்' என்று சொல்லாதே, மனம் அதைக் காதில் வாங்காது. வேண்டியதை மட்டும் சொல்.

சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தினமும் செய்தார். உடம்பு நன்றாகத்தான் தளர்ந்தது. தோள் கரைந்தது, முழங்கால் எங்கோ போனது. ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கினார். கடைசிப் படியில் கால் வைத்ததும் அங்கே விசில் நின்றார், கையில் பற்ற வைத்த சிகரெட்டோடு.

கண்ணைத் திறந்தால் கை தானாகச் சட்டைப் பையில் இருந்தது. மூன்று வாரம் இதே கதை.

"மயக்கம் வருதோ இல்லையோ, ஆசை மட்டும் நல்லா வருது" என்றார் மனைவியிடம். "இறங்கினாலே அவன் நிக்கிறான். நான் என்ன பண்ண?"

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "அப்போ ஏன் இறங்குறீங்க? ஏறுங்க."

"புத்தகத்துல இறங்கத்தான் சொல்லியிருக்கு."

"எழுதினவர் கிரேன்ல வேலை பார்த்திருக்க மாட்டார்."

மறுநாள் அவர் ஏறினார். கண்ணை மூடியதும் முதல் ஏணியின் குளிர்ந்த கம்பி உள்ளங்கையில் வந்து பொருந்தியது. மனசுக்குள் ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. மூன்றாவது தட்டில் தெருவின் இரைச்சல் கீழே தங்கிவிட்டது. ஆறாவதில் மூடுபனி வந்து தோளைத் தொட்டது. ஒன்பதில் இரும்பின் கனம் குறைந்தது. பன்னிரண்டாவது தட்டில் கேபின் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது, சுற்றிலும் வெளிச்சமான வெறுமை. உட்கார்ந்தார். கைகள் மடியை விட்டுத் தாமாக எழும்பி, தண்ணீரில் மிதப்பதைப் போல நின்றன. என்ன சொல்லிக்கொள்வது என்று அவர் யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்: 'மூச்சு வருது, போகுது. இது போதும்.'

கண்ணைத் திறந்தபோது சன்னலுக்கு வெளியே காயப்போட்ட துணிகள் அசைந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை ஞாபகமே வரவில்லை.

அடுத்த நாள் ஏணியடியில் விசில் நீட்டியதும், "இன்னிக்கு வேண்டாம்பா" என்றார். விசில் கையை மடக்கவில்லை. இரண்டு சிகரெட்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உடம்புக்கு முடியலையாண்ணே?"

"விட்டுட்டேன்."

"என்னையுமா?" என்றார் விசில். விளையாட்டாகத்தான் தொடங்கினார், முடியும்போது அது விளையாட்டாக இல்லை. மறுநாளிலிருந்து சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் போய்ப் புகைத்தார். அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல் வீட்டுக்கு நடப்பது மேலே இருக்கிறவருக்கு என்னவோ போலிருந்தது.

பத்தொன்பதாம் நாள் விசில் பழையபடி ஏணியடியில் நின்று மறதியாக நீட்டினார், இவரும் மறதியாக வாங்கினார். விரல் சுட்டபோதுதான் இருவருக்கும் உறைத்தது. வீட்டுக்கு வந்து திருடனைப் போல மனைவியிடம் சொன்னார்.

"எவ்வளவு பிடிச்சீங்க?"

"பாதி."

"சரி, மீதிப் பாதியை விட்டுட்டீங்கல்ல. போய் உட்கார்ந்து ஏறுங்க."

அதற்கப்புறம் ஒரு மதியம் திடீரென்று காற்று எழுந்தது. நல்லவேளையாகக் கொக்கியில் சுமை இல்லை. வானம் கறுத்து வரும் வேகத்தைப் பார்த்தபோதே ஏணியில் இறங்குவது ஆபத்து என்று தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட காற்றில் கிரேனின் சுழல் பூட்டைத் திறந்துவிட வேண்டும். காற்று தள்ளுகிற பக்கம் அது தானாகத் திரும்பிக்கொள்ளும், எதிர்த்து நின்றால்தான் முறியும். பூட்டைத் திறந்தார். அந்த நீண்ட இரும்புக் கை அவரையும் சேர்த்துக்கொண்டு மெல்லச் சுழலத் தொடங்கியது. கூரைகள், மரங்கள், ஆறு, மறுபடி கூரைகள் என்று ஊர் முழுவதும் மழைக்குள் கரைந்தபடி அவரைச் சுற்றிப் போனது.

கருவிப் பெட்டியில் பழைய சிகரெட் பாக்கெட் ஒன்று இருந்தது. கை நேராக அங்கே போனது. ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தார். லைட்டரைத் தட்டும்போது அது கைநழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது. குனிந்து தேடலாம்தான். அதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கே ஏறுவது? ஏற்கெனவே உச்சியில் அல்லவா இருக்கிறார்? ஆனாலும் மனசால் தரைக்குப் போய், முதல் ஏணியைப் பிடித்தார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, பேசுங்க. எங்க இருக்கீங்க?"

"அஞ்சாவது தட்டுல" என்றார், கண்ணைத் திறக்காமல்.

விசிலின் குரல் கிழிந்தது. "ஐயோ, இறங்காதீங்கண்ணே. கேபினுக்குத் திரும்பிப் போங்க."

"இறங்கலப்பா. ஏறிட்டிருக்கேன்."

"மேல இருந்து எப்படிண்ணே ஏறுவீங்க?"

"பேச்சுக் கொடுக்காதே, ஆறு வந்துருச்சு."

சுழலும் கேபினும் மனசுக்குள் ஏறும் ஏணியும் எந்த இடத்தில் ஒன்றாயின என்று பிற்பாடு அவரால் சொல்ல முடியவில்லை. தான் நாற்காலியில் அசையாமல் இருப்பதாகவும், உலகம்தான் ஒரு பெரிய பெருமூச்சைப் போல வந்து வந்து போவதாகவும் இருந்தது என்பார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் காற்று அடங்கியது. உதட்டில் இருந்த சிகரெட் ஊறி இரண்டாகப் பிளந்திருந்தது.

இறங்கி வந்தார். தொப்பலாக நனைந்த விசில் ஏணியடியில் வெறுங்கையோடு நின்றார்.

"எல்லாம் நனைஞ்சு போச்சுண்ணே, ஒண்ணுகூட மிஞ்சல."

"பரவாயில்ல, வா உட்காருவோம்."

உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் என்பது அன்றைக்கு முக்கால் மணி ஆனது. மறுநாளிலிருந்து விசில் புகைத்துவிட்டு வந்து இவரோடு உட்காருவார். இவரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

பரிசோதனையில் குழாயை ஊதினார். எழுதியதை டாக்டர் ஒரு தடவைதான் பார்த்தார். "சுமார்தான், ஆனா போதும்" என்று கையெழுத்துப் போட்டார். ஏழாவது தட்டில் இன்னும் நிற்கத்தான் செய்கிறார். ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.

ஆசை அநேகமாக அடங்கிவிட்ட பிறகும் சாயங்கால நாற்காலியை அவர் விடவில்லை. ஒரு நாள் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்போ எதுக்கு? அதான் விட்டாச்சே."

"சும்மா. போயிட்டு வரேன்."

"அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"கண்ணை மூடு, சொல்றேன்" என்றார்.

தாழ்ந்த குரலில் முதல் ஏணியைச் சொன்னார், கம்பியின் குளிர்ச்சியைச் சொன்னார். மூன்றாவது தட்டில் தெரு அமைதியாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனைவியின் தலை அவர் தோளில் சாய்ந்தது. நாள் முழுக்கத் தைத்த கை மடியில் விரிந்து கிடந்தது. எழுப்ப மனம் வரவில்லை. மூடுபனி வரும் இடம் வரை மெதுவாகச் சொல்லிவிட்டு, அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.