வலது கை நகங்கள்

இடது கை நகங்களை ஒட்ட வெட்டி முடித்து, நகவெட்டியைச் சட்டையில் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைக்கிறார் பாட்டுக்காரர். அந்தக் கையில் இப்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல் மூன்றுதான். அதனால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நாற்பது வருஷமாகக் காலைக் காபிக்கு முன்னால் இதுதான் முதல் காரியம். இடது கை கம்பியை அழுத்துகிற கை, அதில் நகம் ஆகாது. வலது கை மீட்டுகிற கை. அந்த நகங்களை எண்ணெய் தடவி, அரம் போட்டு, செல்லம் கொடுத்து வளர்த்திருக்கிறார். அந்தக் கையால் அவர் ஒரு டப்பா மூடியைத் திறந்ததில்லை. அதை மனைவி சொல்லிக் காட்டாத நாளும் இல்லை.

"மகாராணி கை. ஒரு வேலை வாங்க முடியுமா அதுல?"

சுவரில் மூன்று கிட்டார்கள் தொங்குகின்றன. மனைவி அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் சக்களத்திகள். "மூணு பேரோட குடித்தனம் பண்றேன், ஒருத்தியும் அடுப்படிப் பக்கம் வரமாட்டா" என்று விருந்தாளிகளிடம் புகார் செய்வார்.

மூத்தது ஒட்டுப்பலகையில் செய்தது. கம்பிகள் பலகையை விட்டு எட்டாத உயரத்தில் நிற்கும், அழுத்தினால் விரல் கிழியும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஆலை வாசலில் வேலைநிறுத்தக்காரர்களுக்குப் பாடினார். முப்பது பாட்டுகள் அதில் பிறந்தன. நாலைந்து இன்றும் ஜனங்கள் வாயில் இருக்கின்றன, யார் எழுதியது என்று தெரியாமலே.

இரண்டாவதுக்குப் பெரிய வயிறு, பெரிய குரல். மைக் இல்லாத மைதானத்திலும் கடைசி ஆள் வரை கேட்கும். ரயிலில் ஒரு பருத்த பயணி கவனிக்காமல் அதன் மேல் உட்கார்ந்து கழுத்தை முறித்துவிட்டார். ஒட்டிய தழும்பு இன்னும் தெரிகிறது. "எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டாரு. ஆனா என்கிட்டதான் கேட்டாரு, அதுகிட்ட கேக்கல" என்பார் பாட்டுக்காரர்.

இளையது சின்ன உடம்பு. விரலில் வலு குறைந்த வயசில், லேசாகத் தொட்டாலே பேசுகிற மாதிரி வேண்டும் என்று சொல்லி, எட்டு மாதம் காத்திருந்து செய்து வாங்கியது. மனைவியைப் பற்றி அவர் எழுதிய ஒரே பாட்டு அதில்தான் வந்தது. பிடித்திருக்கிறது என்று அந்த அம்மாள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் அதைப் பாடும்போது மட்டும் சமையலறைக் குழாயை மூடிவிடுவார்.

விரல் போன கதையை அவரே சொல்லமாட்டார். கம்பி கிழித்த விரல் நுனியில் உடனே காயும் பசையை ஒரு சொட்டு விட்டு மூடிக்கொண்டு மேடை ஏறுவது இந்தத் தொழிலில் பலர் செய்கிற வேலை. இளமையில் அவர் நூறு தடவை செய்திருப்பார். சர்க்கரை நோய் வந்த பிறகும் செய்தார். போன வருஷம் மோதிர விரலில் கிழிந்தது. அடுத்தடுத்து மூன்று ஊரில் கச்சேரி. பசை, அதன் மேல் பசை. மனைவி கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, காய்ப்பு உரியுது" என்றார். பசைக்கு அடியில் விரல் அழுகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அதையும், அது பரவியிருந்த நடு விரலையும் எடுத்தார்கள். "மூடாம விட்டிருந்தா பிழைச்சிருக்கும்" என்று டாக்டர் மனைவியின் எதிரிலேயே சொன்னார். அந்த அம்மாள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் நிறையத் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு மாதத்துக்கு முன் இளையதைச் செய்து கொடுத்தவர் வீட்டுக்கு வந்தார்.

"கம்பிய இடம் வலம் மாத்திப் போட்டுத் தரேன், அண்ணே. மிச்சமிருக்கிற மூணு விரலால மீட்டுங்க. வலது கையால அழுத்துங்க."

"சுருதி நிக்குமா?"

"கம்பி உக்கார்ற இந்த எலும்புத்துண்டச் சாய்ச்சு வச்சிருக்கேன், பாருங்க. தடிக் கம்பிக்கு ஒரு நீளம், மெல்லிசுக்கு ஒரு நீளம். மாத்திப் போட்டா கொஞ்சம் விலகும். அது உக்கார்ந்திருக்கிற கட்டையப் பிடுங்கித் திருப்பலாம்னா மேல்பலகையும் கூட வந்துடும். கேக்கிறவங்களுக்குத் தெரியாதுண்ணே."

"எனக்குத் தெரியுமே."

வந்தவர் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினார். பிறகு, "இடது கை நகத்த வளரவிடுங்க. வலது கை நகத்த எடுத்துடுங்க" என்றார்.

"அது இருக்கட்டும்."

கம்பிகளை மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். அன்றிலிருந்து பாட்டுக்காரர் தினமும் அதை எடுத்து மடியில் கை மாற்றி வைத்துக்கொள்கிறார். நீள நகம் பலகையில் இடிக்கிறது, கம்பி வழுக்குகிறது, செத்த சத்தம் ஒன்று வருகிறது. திரும்பச் சுவரில் மாட்டிவிடுகிறார். வளரவிட வேண்டிய இடது கை நகத்தை வெட்டுகிறார், வெட்ட வேண்டிய வலது கை நகத்துக்கு எண்ணெய் போடுகிறார். அவருக்குப் பயம். வெட்டிவிட்டால் பழைய கை போய்விட்டது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அறுபத்திரண்டு வயசில், சுருதி சேராத ஒரு கிட்டாரில் அரிச்சுவடி தொடங்க வேண்டும். அதுவும் கூடி வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இன்று காலை சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே எதையோ முணுமுணுப்பது கேட்டது. மனைவியைப் பற்றி அவர் எழுதிய அந்தப் பாட்டுதான். முதல் நாலு வரி முடிந்ததும் குரல் நின்றது. மறந்துவிட்டார் போல என்று பாட்டுக்காரர் நினைத்தார். மறக்கவில்லை. அது கிட்டார் மட்டும் வாசிக்கிற இடம். அது முடிகிற நேரம் வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, சரியாக ஐந்தாவது வரியை எடுத்தார் அந்த அம்மாள்.

பாட்டுக்காரர் ஜன்னல் விளிம்பிலிருந்து நகவெட்டியை இடது கையால் எடுத்தார். மூன்று விரலுக்கு அது அடங்கவில்லை. கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது.

சத்தம் கேட்டு மனைவி ஈரக் கையோடு அறை வாசலில் வந்து நின்றார். "என்னங்க அது?"

அவர் தரையில் கிடந்த நகவெட்டியைக் காலால் அந்த அம்மாள் பக்கம் தள்ளினார். பிறகு, நாற்பது வருஷம் யாரையும் தொடவிடாத வலது கையை, ஐந்து விரலும் விரிய, மனைவியின் முன்னால் நீட்டினார்.