மாதா பாட்டிலில் எரிமலைத் தண்ணீர்

இத்தாலியில் இருக்கும் இஸ்கியா தீவுக்குப் போக ஆசைப்பட்டவள் நான் இல்லை, என் அக்கா. தொலைக்காட்சியில் ஏதோ பயண நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, மறுநாளே எங்கள் ஊர்த் தேக்கா சந்தையில் மீன்காரரிடம், "நானும் என் தங்கச்சியும் எரிமலைல குளிக்கப் போறோம்" என்று அறிவித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். எரிமலை எந்தக் காலத்திலோ பொங்கி ஓய்ந்துவிட்டதாம். அடியில் இருக்கும் சூட்டில் ஊற்றெல்லாம் வெந்நீராகவே வருமாம். மூட்டுவலிக்கு அதைப்போல மருந்து கிடையாதாம். வீடு வரைக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டே வந்தாள்.

அதே சந்தையின் மேல்மாடியில் சேலை பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் படியில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்கால் பலூன் மாதிரி வீங்கியது. வீக்கம் வற்றி, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் நடக்கவில்லை. பிடோக்கில் இருக்கும் அவள் வீட்டு ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. அதில் போய் உட்கார்ந்தவள்தான். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேகூட இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கைப்பேசியிலேயே பார்த்தாள். என் வீடு இருக்கும் கிளமெண்டியிலிருந்து வாரம் தவறாமல் ரயிலேறிப் போய் நானும் கெஞ்சினேன், திட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"அந்தத் தீவுக் கோட்டைப் படியெல்லாம் என்னால ஏற முடியாது. நீ உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போ. எனக்கு அந்தத் தண்ணி கொஞ்சம் கொண்டு வந்தாப் போதும்" என்றாள். தன் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அக்கா. சின்ன வயதில், துருவிய ஐஸை உருண்டை பிடித்துப் பாகு ஊற்றித் தரும் ஒரு ஐஸ் பாலுக்காக என்னைத் தெரு முழுக்க விரட்டியவள். அவள் இவ்வளவு சாந்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இப்படியே விட்டால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மாட்டாள் என்று பயந்தேன்.

போனோம். நேப்பிள்ஸிலிருந்து படகு. என் கணவர் படகில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டும், மீதி நேரம் ரொட்டி தின்றுகொண்டும் வந்தார். தீவை ஒட்டி, கடலுக்குள் தனியாக நிற்கும் பெரிய பாறை. அதன் உச்சியில் பழைய கோட்டை. அண்ணாந்து பார்த்ததுமே என் முழங்காலும் சேர்ந்து வலித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவாயிலுக்குப் போனால், பாறையைக் குடைந்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்! எங்கள் புளோக் லிஃப்டைவிட விசாலமானது. கணவருக்கு வாயெல்லாம் பல். எனக்கோ அழுகையே வந்துவிட்டது. அக்கா தாராளமாக வந்திருக்கலாம்.

"இதை ஊர்ல மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா அவளுக்கு வயிறு எரியும்" என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மேலே பாழடைந்த தேவாலயம், எலுமிச்சை மரங்கள், எங்கே திரும்பினாலும் கடல். ஒரு பழைய மடத்தின் நிலவறையில் வரிசையாகக் கல் நாற்காலிகள். இறந்துபோன கன்னியாஸ்திரிகளை அந்தக் காலத்தில் அவற்றில்தான் உட்கார வைப்பார்களாம். உயிரோடு இருக்கும் சகோதரிகள் தினமும் வந்து, மரணத்தை நினைத்துச் செபிப்பார்களாம்.

"செத்த பிறகாவது படுக்க விடக்கூடாதா?" என்றேன்.

"சத்தம் போடாதே" என்றார் கணவர். ஆனால் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் எனக்கு அக்காவின் பிரம்பு நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. பிறகு சிரிக்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். கடற்கரைப் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் ஆவி பறக்கக் கொப்பளித்து வந்தது. பக்கத்தில் ஒரு இத்தாலியக் குடும்பம் வலைப்பையில் முட்டைகளைப் போட்டு, அதில் தொங்கவிட்டுக் காத்திருந்தது. தாத்தா ஒருவர் உப்பும் கையுமாகத் தயாராக இருந்தார். கணவர் இடுப்பில் கைவைத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நம்ம ஊர் செம்பவாங் வெந்நீர் ஊற்று தானே லா? அங்கேயும் கால் நனைக்கிறாங்க, முட்டை அவிக்கிறாங்க. இதுக்கா பதினாலு மணி நேரம் ப்ளேன்ல காலை மடக்கிக்கிட்டு வந்தேன்?"

நான் அவரைக் கண்டுகொள்ளாமல் தண்ணீர் பிடிக்க உட்கார்ந்தேன். கைப்பையில் இருந்தது ஒரே ஒரு காலி பாட்டில்தான். வரும் வழியில் ரோமில் வாங்கியது. மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டில், நீலக் கிரீடம்தான் மூடி. நன்றாக இறுக்கி மூடியது. அதிலேயே பிடித்து, ஊறுகாய் பாட்டிலைச் சுற்றுவது மாதிரி நாலைந்து பைகளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுப் பீடத்தில் வேளாங்கண்ணி மாதா பக்கத்தில் வைத்தாள். பயணம் போய்வந்த அசதியில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கணவரோடு போனபோது அவள் வீட்டில் அன்பியக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு மாறிக் கூடிச் செபிப்பார்கள். அக்கா இறங்கிப் போகாததால், எல்லாரும் அவளிடமே வந்துவிட்டார்கள். கடைசியாகக் கிளம்பிய பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ். தீர்த்தம் எல்லாருக்கும் கிடைச்சுது. என் மகனுக்கு நாளைக்கு எக்ஸாம், அவனுக்கும் ஒரு ஸ்பூன் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீடத்தில் மாதா பாட்டில் காலியாக, கிரீடம் இல்லாமல் நின்றது.

"அண்ணி, அது கால் ஊற வைக்கிற தண்ணி!" என்றார் கணவர். எதையும் பக்குவமாகச் சொல்லத் தெரியாத மனிதர்.

அக்கா பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏண்டி, கால்ல ஊத்துற தண்ணியை மாதா பாட்டில்லயா புடிச்சே? அத்தனை பேரும் நெத்தில பூசிக்கிட்டுப் போறாங்க!"

"நீ முழங்காலுக்குத்தானே கேட்ட? பீடத்துல வைக்கச் சொன்னது யாரு?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டோம். முதலில் அவள் உதடுதான் துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் திடீரென்று முகம் மாறியது.

"எல்லாரும் குடிச்சிட்டாங்க. எனக்கு ஒரு சொட்டு இல்ல."

அதுதான் என் அக்கா. பழைய ஐஸ் பால் குரல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"இதே மாதிரி தண்ணி செம்பவாங்ல சும்மா ஓடுது, அண்ணி. டாக்சி கூப்பிடவா?" என்றார் கணவர். இந்தத் தடவை நான் அவரை முறைக்கவில்லை.

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "முட்டை ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்றாள்.

லிஃப்ட் கதவு திறந்தபோது என் தோளை அப்படியே கவ்விப் பிடித்தாள். நகம் பதிந்து வலித்தது. கீழே வந்ததும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, "புளோக்குக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். அடித்துப் பல நாளாகிவிட்டது.

செம்பவாங்கில் ஒரு படியில் உட்கார வைத்தோம். ஐயோ, ஐயோ என்று கத்திக்கொண்டே காலை வெந்நீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். சூடு பழகியதும் கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் முட்டைகளை அவித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"அங்கேயும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"இப்படித்தான். கூடவே கடல் இருக்கும்."

"கோட்டை? படி நிறையவோ?"

கணவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி மறைத்துப் பயனில்லை.

"லிஃப்ட் இருக்குக்கா."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அக்கா கையிலிருந்த முட்டையைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதை அந்த வலது முழங்காலிலேயே ஓங்கித் தட்டி உடைத்து, ஓட்டை உரிக்க ஆரம்பித்தாள்.

"அடுத்த தடவை அங்க பாட்டில்ல நானே புடிச்சுக்கிறேன்" என்றாள்.