அப்பாவின் இடக்கை

பெர்மாஸ் ஜெயா நகர வீட்டில் மருமகள் என் தோளில் தைலம் தேய்க்கும்போதெல்லாம் பாலோ ரப்பர் தோட்டத்துக் கிரிக்கெட் திடல் கண்முன் வந்துவிடுகிறது. அப்பாவிடமும் இதே வாடைதான்.

பந்து வீசுவதற்காகவே தோட்டத்துத் துரை அவருக்கு எளிய வேலை கொடுத்து வைத்திருந்தார். வலத்தோள் கெட்டதும் நடுவராக்கினார். அதையும் இழந்தால் ரப்பர் மரம் சீவத்தான் போகவேண்டும். சீவக் கை ஏது?

ஓர் இறுதி ஆட்டத்தில், ஸ்டம்பை மறைத்த எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் காலில் பந்து பட்டது. ஐயமின்றி அவுட். அப்பா இடக்கை விரலை உயர்த்தினார்.

"பீச்சாங்கையக் காட்டியா என்னைப் போகச் சொல்ற? சோத்துக்கையத் தூக்குய்யா, போறேன்!" என்று கிராணி நகராமல் நின்றார்.

அப்பா கந்தவேளை வாய்விட்டு அழைத்து வலக்கையைத் தூக்கினார். அது நெஞ்சருகே நின்றுவிட்டது.

"அலமாக், சாமி கும்பிடுறாரு லா!" என்றது ஒரு குரல். திடலே சிரித்தது. கிராணி மட்டையைத் தட்டி ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

மறுவாரம் நடுவரின் வெள்ளைக் கோட்டு வேறொருவர் தோளேறியது. கோயிலில் அடியார்கள் தலைமேல் கைகுவிக்க, அப்பா நெஞ்சோடு குவித்து, அந்த ஒரு கையை மட்டுமே இறுதிவரை வேண்டினார். கந்தன் தரவில்லை.

"கைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க மாமா" என்கிறாள் மருமகள்.

முயல்கிறேன். நெஞ்சருகே நின்றுவிடுகிறது. நான் யாரையும் அழைக்கவில்லை.